வராத விருந்தினர்களுக்கு நான்கு வரிசை

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், அங்கே நீ உடம்பாலும் மனசாலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உடம்பளவில் என்று ஏன் பிரித்து எழுதினேன் என்று உடனே கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் பொறு. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியைக் கட்டினவனை விட்டுவிட்டு என்னை ஏன் திட்டுகிறாள் என்று கேட்டால் கட்டினவன் பக்கத்தில் இல்லையே என்கிறாள். உன் அத்தை வந்து நான்கு நாள் இருந்தாள், போகும்போது உன் பழைய குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், உன்னுடையது என்று தெரியாதாம், கைப்பிடியில் உன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தினமும் உன் படிப்பு எப்போது முடியும் என்று விசாரிக்கிறார், எனக்கே தெரியாததை அவருக்கு எங்கே சொல்ல. இதெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள், என் குரலும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, நடுங்குகிறது. எழுதினால் கை மட்டும்தான் நடுங்கும், அதை நீ கோழிக்கிறுக்கல் என்று நினைத்துக்கொள்வாய். தாளைத் திருப்பிப் பார்க்காதே, பின்பக்கம் போன வாரத்து நிகழ்ச்சி நிரல் அச்சடித்திருக்கும், மீந்துபோன தாள்கள், வீணாக்க மனசு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நாளை காலை பத்து மணிக்கு அதற்கு விசாரணை. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அம்மாவிடம் அஜீரணம் என்று சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். உன் அப்பன் எவ்வளவு பயந்தவன் என்று உனக்கே தெரியும், ரோட்டைக் கடக்க உன் கையை நான் பிடித்துக்கொண்டேனா என் கையை நீ பிடித்துக்கொண்டாயா என்று இன்றைக்கும் வீட்டில் பேச்சு உண்டு. அப்படிப்பட்டவன் செய்த காரியம் என்பதால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

இருபத்திரண்டு வருஷமாகப் பல்கலைக்கழகப் பேரரங்கத்தின் பின்மூலையில் மைக் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஹால்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள், என் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. கருத்தரங்கு, சிறப்புரை, பயிலரங்கு, வேலைவாய்ப்பு வழிகாட்டி நிகழ்ச்சி என்று வாரத்துக்கு மூன்றாவது நடக்கும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். நட்சத்திரம் எப்படிச் சாகிறது என்பதிலிருந்து நேர்காணலில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்பது வரை கேட்டாகிவிட்டது. பட்டம் ஒன்றுதான் தரவில்லை, மற்றபடி ஏழெட்டுத் துறையில் உன் அப்பன் அரைகுறை மேதை. போன வருஷம் கட்டடவியல் துறை ஒரு கருத்தரங்கு நடத்தியது, வந்தவர்கள் பத்தொன்பது பேர், அதிலும் ஆறு பேர் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவப் பார்த்தவர்கள். பேச வந்த அம்மையாருக்கு மெல்லிய குரல், மைக்கை நான் எவ்வளவு ஏற்றினாலும் அவர் இறக்கிவிடுவார். பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசினார். சுவரிலோ கூரையிலோ விரிசல் கண்டால் முதலில் அது தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பெரிய கருவி வேண்டாம், விரிசலின் குறுக்கே மெல்லிய காகிதப் பட்டை ஒன்றைப் பசை போட்டு ஒட்டுங்கள், தேதி எழுதுங்கள், அது கிழிந்தால் விரிசல் நகர்கிறது என்று அர்த்தம் என்றார். கேள்வி நேரம் வந்தது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கேட்க ஒன்று இருந்தது. கிழிந்தால் யாரிடம் சொல்வது, அவர் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று. மைக் என் கையில்தான் இருந்தது, ஆனால் அது மற்றவர்களுக்குக் கொடுப்பதற்காக என் கையில் இருந்தது. நன்றியுரை சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஏன் கேட்க நினைத்தேன் என்றால், அரங்கத்தில் இடது பக்கம் பதின்மூன்றாவது வரிசையிலிருந்து பதினாறாவது வரிசை வரைக்கும் நாற்காலிகளில் தினமும் காலையில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும், நான் துடைப்பேன், மறுநாள் மறுபடி இருக்கும். கருத்தரங்கு முடிந்த அன்றைக்கே விளக்கு மாற்றும் பெரிய ஏணியைப் போட்டு ஏறினேன். நான் ஏணியில் ஏறினேன் என்றால் நீ நம்ப மாட்டாய், விளக்கு மாற்ற எப்போதும் எலெக்ட்ரீஷியனைத்தான் ஏற்றுவேன், நான் கீழே காலைப் பிடித்துக்கொண்டு பார்த்து பார்த்து என்று கத்துவேன். கூரையின் சாந்துப் பலகையில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியது. பட்டை ஒட்டித் தேதி போட்டேன். பன்னிரண்டு நாளில் கிழிந்தது. இன்னொன்று ஒட்டினேன், கிழிந்தது. இப்படி எட்டு மாசத்தில் பதினொரு பட்டை, கிழிந்த ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். விரிசல் இப்போது என் முழங்கை நீளம் இல்லை, நான் படுத்தால் என் நீளம். பராமரிப்புப் பிரிவுக்கு மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன், மூன்றுக்கும் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பிரிவின் பொறியாளரைப் பாத்துக்கலாம் சார் என்று சொல்வோம், எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான் பதில். ஒரே ஒரு தடவை வந்தார், கீழே நின்றபடி டார்ச் அடித்தார், வெறும் பூச்சு உதிருதுய்யா, பெயின்ட் அடிக்கும்போது பாத்துக்கலாம் என்றார். ஏணியில ஏறிப் பாருங்க சார் என்றேன், நீ முதல்ல பயப்படறதை நிறுத்து என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார். போனவர் கையில் தூள் ஒட்டியிருந்தது, என் சட்டையில் படிந்திருந்த அதே தூள்.

அதற்குமேல் சத்தம் போட எனக்குத் தைரியம் இல்லை, உண்மையைச் சொல்கிறேன். இன்னும் பதினான்கு மாசத்தில் ஓய்வு, இந்த வீடு அவர்கள் கொடுத்தது, நீ படித்துக்கொண்டிருக்கிறாய், நமக்கேன் வம்பு என்று இருந்தேன். ஆனால் பிள்ளைகள் தலைக்கு நேர் மேலே அது இருக்கிறது என்ற நினைப்பு விடவில்லை. அதனால் ஒரு கோழைத்தனமான வேலை செய்தேன். பெரிய நிகழ்ச்சிகளுக்கு முன் வரிசையில் வைக்கிற அட்டை இருக்கிறதே, சிறப்பு விருந்தினர்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று, அதில் இருபத்தெட்டை எடுத்து அந்த நான்கு வரிசையிலும் நாற்காலிக்கு ஒன்றாக வைத்துவிட்டேன், ஒரு கயிறும் கட்டினேன். அட்டை என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அன்றையிலிருந்து ஒரு பிள்ளை அங்கே உட்காரவில்லை. கூட்டுகிற அக்கா மட்டும் கண்டுபிடித்துவிட்டாள், உங்க விருந்தாளிங்க மாதிரி நல்லவங்களை நான் பாத்ததே இல்லைங்க, வரவும் மாட்டாங்க, குப்பை போடவும் மாட்டாங்க, டீயும் கேக்க மாட்டாங்க என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

வியாழக்கிழமை கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்பு நாள். காலையில் சுயவிவரம் எழுதுவது எப்படி, பதினொரு மணிக்கு ஒரு பெரிய கம்பெனியின் ஆள்சேர்ப்பு அதிகாரி பேச்சு, மதியம் வெளிநாட்டு மேற்படிப்பு. நானூற்று இருபது பேருக்குத்தான் இடம், அறுநூறு பேர் வந்துவிட்டார்கள். படியில் உட்கார்ந்தார்கள், சுவரோரம் நின்றார்கள், மேடைப் பக்கவாட்டில்கூடப் பிள்ளைகள். எள் போட இடமில்லாத கூட்டத்தில் இருபத்தெட்டு நாற்காலி மட்டும் கயிறு கட்டிக் காலியாக இருந்தால் எப்படி இருக்கும். வேலைவாய்ப்புப் பிரிவு மேடம் வந்தார், அவரைக் கடிகாரம் என்று சொல்வோம், ஒரு நிமிஷம் பிசகாது, கெட்டவர் இல்லை, இந்த ஒரு நாளுக்காக ஒரு மாசம் தூங்காதவர். யாரு இந்த விருந்தினருங்க, எனக்குத் தெரியாம யாரைக் கூப்பிட்டிருக்கீங்க என்றார். நாற்காலி ரிப்பேர் மேடம், பிடிப்பு உடைஞ்சிருக்கு என்று சொன்னேன். அவர் கயிற்றைத் தாண்டிப் போய் ஒன்றில் உட்கார்ந்து எழுந்தார், அடுத்ததில் உட்கார்ந்து எழுந்தார். நல்லாத்தானே இருக்கு என்றார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன், மேலே கூரை சரியில்லை மேடம் என்று. பொய்க்குப் பின்னால் வந்த உண்மையை யார் நம்புவார்கள். இருந்தாலும் பாத்துக்கலாம் சாருக்குப் போன் போட்டுக் கேட்டார், போனை என் காதுக்கும் கேட்கிற மாதிரிதான் பிடித்திருந்தார். அவரா, அவருக்குப் பல்லியைப் பாத்தாலும் பயம், அது பூச்சு மேடம், ஒண்ணும் ஆகாது, நீங்க உக்கார வைங்க என்று அந்தப் பக்கம் சிரிக்கிறார். மேடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அட்டைகளை அவரே எடுத்து அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, இனிமே இப்படிச் செய்யாதீங்க ஹால்காரர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கயிறு அவிழ்ந்ததும் பிள்ளைகள் ஓடி வந்து உட்கார்ந்தார்கள். அட்டைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மைக் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

ஆள்சேர்ப்பு அதிகாரி பேசத் தொடங்கினார். தலைப்பு என்ன தெரியுமா, பயத்தை வெல்ல ஐந்து வழிகள். நேர்காணலைப் பார்த்துப் பயப்படக் கூடாதாம். முதல் வழி சொன்னார், இரண்டாவது சொன்னார், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை, கண்ணெல்லாம் கூரையிலேயே இருந்தது. அப்போது பதினான்காவது வரிசையில் ஒரு பெண், உன்னை மாதிரியே பேனாவைக் கடித்துக்கொண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவள், நோட்டிலிருந்து எதையோ ஊதித் தள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதினாள். அப்புறம் நிமிர்ந்து மேலே பார்த்தாள், ஒன்றும் புரியாமல் மறுபடி எழுதத் தொடங்கிவிட்டாள். அவ்வளவுதான் மகளே, மூன்றாவது தடவை அவள் ஊதுவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. முதலில் நான்கு கதவுகளையும் அகலத் திறந்து கொக்கி மாட்டினேன், பகல் வெளிச்சம் உள்ளே வந்தது, காற்றுக்கு என்று நினைத்திருப்பார்கள். பிறகு மின்சார அறைக்குப் போய்ப் பூட்டைத் திறந்து பெரிய சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டேன். மைக் செத்தது, திரை இருண்டது, ஏசி நின்றது. கையில் பிடிக்கிற ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, மின்கோளாறு, யாரும் பதற வேண்டாம், இடதுபக்க வரிசைகள் முதலில் வெளியே போங்கள் என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. ஏழு நிமிஷத்தில் அறுநூறு பேரும் வெளியே மரத்தடிக்குப் போய்விட்டார்கள். அதிகாரிக்குத் திரை இல்லாமல் முதல் பத்து நிமிஷம் பேச்சே வரவில்லை என்றும், அப்புறம் பிள்ளைகளோடு புல்லில் உட்கார்ந்து அவர் தன் முதல் வேலை போன கதையைச் சொன்னார் என்றும், அதைத்தான் எல்லாரும் கைதட்டிக் கேட்டார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். நான் காலி அரங்கத்துக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றிருந்தேன், கால் இரண்டும் வெடவெடவென்று ஆடியது. மூன்றாவது வழி பாதியில் நின்றது, மீதி எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்கு வெட்கமானது. மாலையில் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். எதுவும் கருகவில்லை, எதுவும் அறுந்துபோகவில்லை, சுவிட்சை யாரோ கையால் இழுத்திருக்கிறார்கள் என்று நேர்மையாக எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த அறைக்குச் சாவி இரண்டுதான், ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம். வெள்ளிக்கிழமை காலையில் மேடம் அறையில் இரண்டு பேரையும் நிறுத்திக் கேட்டார்கள், பாத்துக்கலாம் சாரும் இருந்தார். எலெக்ட்ரீஷியன் நான் தொடலைங்க என்றார். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் பார்க்கவில்லை. பாத்துக்கலாம் சார், அவரு எங்கே மேடம் சுவிட்சைத் தொடப் போறாரு, பல்ப் மாத்தவே ஆள் கூப்பிடறவரு என்றார், மேடமும் சரிதான் என்பது போலத் தலையாட்டினார். வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இத்தனை வருஷம் பயந்தவன் என்று வாங்கின பேர் அன்றைக்கு எனக்குக் குடை பிடித்தது, நான் அதற்கடியில் ஒண்டிக்கொண்டு நின்றேன். எலெக்ட்ரீஷியன் நிரந்தர வேலையில் இல்லாதவர், வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஆள், அவர் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். வெளியே வந்ததும் வழக்கம்போல இரண்டு டீ வாங்கி ஒன்றை என் கையில் கொடுத்தார். அண்ணே, நீங்க ஏதாச்சும் என்று ஆரம்பித்தவர், சேச்சே, நீங்க அதெல்லாம் செய்யற ஆளா என்று தானே சொல்லிக்கொண்டார். அந்த டீயை எப்படிக் குடித்து முடித்தேன் என்று கேட்காதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டிக் கிடந்த அரங்கத்துக்குள் தனியாகப் போய் நின்றுகொண்டு கூரையைப் பார்த்தேன். ஆள் இல்லாத நேரத்தில் இது இப்போதே விழுந்துவிட்டால் நான் தப்பித்தேன், நான் சொன்னது சரி என்றாகிவிடும், ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய், விழு, விழு என்று வேண்டிக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷம் துடைத்துப் பெருக்கிக் காப்பாற்றின இடத்தைப் பார்த்து. அப்புறம் எனக்கே என்மேல் அருவருப்பாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் ஏணி போட்டுப் பன்னிரண்டாவது பட்டையை ஒட்டிவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அறிமுகக் கூட்டம் அதே அரங்கத்தில், ஐந்நூறு பேர், பதினேழு பதினெட்டு வயசுப் பிள்ளைகள், பெற்றவர்கள் முதல் நாள் கொண்டுவந்து விடுவார்கள். நாளைக்கு நான் சுவிட்சை இழுத்தேன் என்று ஒப்புக்கொண்டால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள், செவ்வாய்க்கிழமை வேறு ஒருவன் வந்து கதவைத் திறப்பான், அவனுக்குப் பதினான்காவது வரிசை தெரியாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் எலெக்ட்ரீஷியன் வேலை போகும். இரண்டு பக்கமும் யோசித்து யோசித்துத் தலை வெடிக்கிறது.

மேலே இருக்கிற வரிக்கும் இதற்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. உன் அம்மா வந்துவிட்டாள். அஜீரணக்காரன் இவ்வளவு நேரம் என்ன எழுதறான் என்று பின்னால் வந்து நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. மறைக்கப் பார்த்தேன், தாளை வாங்கி முழுக்கப் படித்துவிட்டாள். அழுவாள், வீடு போய்விடுமே என்பாள் என்று பயந்தேன். படித்து முடித்துவிட்டு, எட்டு மாசமா உங்க சட்டையில வெள்ளைத் தூளைத் துவைக்கிறவ நான், சாக்பீஸ்னு சொன்னீங்க, அரங்கத்துல ஏதுங்க கரும்பலகை என்று கேட்டாள். அதுதான் அவளுக்குக் கோபம், மற்றதற்கு இல்லை. பிறகு எதிரே உட்கார்ந்து, அந்த ஏணியிலயா ஏறினீங்க என்று நான்கைந்து தடவை கேட்டாள். நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையைத் தேய்த்துவிட்டாள், பதினொரு பட்டை இருக்கிற உறையையும் மூன்று முத்திரைக் காகிதத்தையும் என் பையில் வைத்துவிட்டாள், நானும் வரேன், உள்ள விடாட்டி வராந்தாவுல உக்காந்திருப்பேன் என்கிறாள். முழங்கால் வலிக்குமே என்றேன், உங்க வாய் வலிக்காம இருந்தா சரி என்றாள். பன்னிரண்டாவது பட்டை கிழிந்திருக்கிறதா என்று ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அரங்கத்துச் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவள் செய்தது சரி. கிழிந்திருந்தால் எனக்குத் தைரியம் வந்துவிடும், கிழியாமல் இருந்தால் நாளைக்கு வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். எப்படி இருந்தாலும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எலெக்ட்ரீஷியன் இழுக்கவில்லை, நான் இழுத்தேன், ஏன் இழுத்தேன் என்பதற்கு இதோ தேதியோடு இருக்கிறது, யாராவது ஏணியில் ஏறிப் பாருங்கள், பார்க்கும் வரைக்கும் செவ்வாய்க்கிழமைப் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வையுங்கள். விசாரணைக்குப் பல்கலைக்கழகப் பதிவாளரே வருவாராம், அவர் முன்னால் இதைச் சொல்லவேண்டும்.

இப்போது உன் விஷயம். போன மாசம் நீ எழுதியிருந்தாய், உங்கள் ஆய்வகத்தில் ரசாயனங்கள் வைக்கிற அறையில் காற்றை வெளியேற்றுகிற விசிறி ஓடுவதே இல்லை, இரண்டு ஜூனியர் பெண்களுக்குத் தினமும் தலைவலி வருகிறது, ஒருத்தி மயங்கிக்கூட விழுந்தாள், சொன்னால் பேராசிரியர் அப்புறம் அப்புறம் என்கிறார், துறையின் வாராந்தரக் கருத்தரங்கில் எல்லார் முன்னாலும் எழுந்து கேட்கட்டுமா அப்பா என்று. நான் என்ன பதில் எழுதினேன் என்று எனக்கு ஒரு வரி விடாமல் ஞாபகம் இருக்கிறது. நமக்கேன் வம்பு, உன் வேலையைப் பார், பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து சேர் என்று எழுதினேன். அதற்கு நீ ஒரே வார்த்தை அனுப்பினாய், சரிப்பா என்று. பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாத என் வாயாடியிடமிருந்து ஒரு வார்த்தை. அன்றையிலிருந்து கூரையைவிட அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த அறைக்குள் நீயும்தானே போய் வருகிறாய், உனக்குத் தலைவலி உண்டா இல்லையா என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டால் உண்டு என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. என் பயத்தை மடித்து உறையில் போட்டு உனக்கு அனுப்பியிருக்கிறேன், அதை நீ வைத்துக்கொள்ள வேண்டாம்.

எழுந்து கேள். இருபத்திரண்டு வருஷமாக யார் கேள்வி காதில் விழுகிறது, யார் கேள்வி விழுவதில்லை என்று பார்த்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். கேள்வி நேரம் என்று சொன்னதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கு, இரண்டு பேர் போகட்டும் என்று காத்திருந்தால் நேரமில்லை என்று முடித்துவிடுவார்கள். மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காதே, மூச்சுதான் கேட்கும், கன்னத்தோரமாகப் பிடி. மைக் பிடித்திருக்கிற ஆள் அதை உன் கையில் கொடுக்கும் வரை உட்காராதே. பெயர், துறை சொல்லு, அப்புறம் எந்தத் தேதியிலிருந்து விசிறி ஓடவில்லை, எந்தத் தேதியில் யார் மயங்கினார்கள் என்று சொல்லிவிட்டு எப்போது சரிசெய்வீர்கள் என்று மட்டும் கேள், நீட்டாதே, உனக்கு நீட்டுகிற பழக்கம் உண்டு. தேதிகளை இன்றைக்கே எழுதி வை. மைக் வேலை செய்யவில்லை என்றால் சத்தமாகக் கேள், உன் சத்தம் எனக்குத் தெரியும். அதுவரைக்கும் அந்த அறைக்குள் கதவைத் திறந்து வைக்காமல் போகாதே, அந்த இரண்டு பெண்களையும் போக விடாதே. அப்பாதான் சொன்னார் என்று சொல்லிக்கொள், தப்பில்லை.

தாள் தீர்ந்துவிட்டது, அதனால் கடைசியாக அந்த அட்டை ஒன்றின் பின்பக்கம் எழுதுகிறேன். முன்பக்கம் சிறப்பு விருந்தினர் என்று இருக்கிறது, மேடம் என் கையில் கொடுத்த கட்டில் மேலே இருந்தது. நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி, தலைவலி இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் போ. குடையை அத்தையிடம் நான் கேட்டு வாங்கி வைக்கிறேன். உன் நல்ல மனசும் நல்ல உடம்பும் நீ நினைத்தபடி முடிகிற படிப்பும் நிறைந்திருக்க அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். நாளைக்கு இங்கே பத்து மணி ஆகும்போது, அங்கே உங்கள் ஊரில் மணி எத்தனையானாலும், என்னை ஒரு தடவை நினைத்துக்கொள். மீதி வழிகள் தெரியாமலேதான் போகிறேன். எழுந்து நிற்கும்போது உனக்குக் கால் நடுங்கும், அது நம் வீட்டுக் கால், அப்படித்தான் நடுங்கும், நடுங்கட்டும், நீ பாட்டுக்குக் கேள்.

உன்
பயந்தாங்கொள்ளி அப்பா

(அம்மா கை: படிச்சேன். நானும் இதையேதான் சொல்றேன். கேள் கண்ணு.)